பராக்குக் கொட்டைகள்

மூன்று மாதமாக உங்களோடு உட்கார்ந்து பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதை முதலில் ஒத்துக்கொண்டுவிடுகிறேன்.

காலை ஆறரைக்கு நம் அபார்ட்மென்ட் சங்கத்து ஹாலில் இருபது நிமிடம் கண்ணை மூடுகிறோம். மணி அடித்ததும், நமக்குச் சொல்லித்தருகிற அந்தப் பெண், "கடைசியா வந்த நினைப்புலேர்ந்து பின்னாடியே போங்க, ஒண்ணொண்ணா சொல்லுங்க, நல்லது கெட்டது பார்க்காதீங்க" என்கிறாள். மூன்றாம் மாடி பாங்க்காரருக்குத் தினமும் ஒரு நதி வருகிறது. ஐந்தாம் மாடித் தலைமையாசிரியை அம்மாவுக்கு ஒளி வருகிறது. உங்களில் ஒருத்தருக்காவது ஒருநாளாவது மருமகள் வந்ததுண்டா? இந்தப் படூர் முழுக்கத் தண்ணீர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டிருக்க, உங்களுக்கு மட்டும் எப்படி நதி வருகிறது என்று எனக்குத் தெரியவில்லை. உங்களைக் குறை சொல்லவில்லை. என் முறை வரும்போது நானும் "மழை" என்கிறேன், "பேரன் சிரித்தான்" என்கிறேன். "சூப்பர் ஆன்ட்டி" என்கிறாள் அந்தப் பெண்.

எனக்கு மழையும் வரவில்லை, பேரனும் வரவில்லை. கண்ணை மூடினால் ஒரு பெண்ணின் உள்ளங்கை வருகிறது. முதல் நாள் வந்தது, நேற்றும் வந்தது. நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் எழுதித் தருகிறேன், படித்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கண்மூடி வித்தை எனக்குப் புதிதில்லை. வந்த நினைப்பை எண்ணுவது, பிறகு ஞாபகப்படுத்திச் சொல்வது எல்லாம் பத்து வயதிலேயே செய்தவள் நான். அச்சரப்பாக்கம் தாண்டி உள்ளே போனால் எங்கள் ஊர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டு, கதிர் அறுத்து எங்களை வளர்த்தவர்கள். எங்கள் வீட்டில் முதன்முதலாக ஸ்லேட்டைத் தொட்டவள் நான்தான். கன்னியாஸ்திரிகள் நடத்திய ஓர் ஆஸ்டலில் ஐந்தாம் வகுப்புக்குக் கொண்டுபோய் விட்டார்கள். எந்த ஊர் ஆஸ்டல் என்று கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். சோறு போட்ட இடம்.

சோறு என்பதும் பேச்சுக்குத்தான். காலையில் கோதுமை நொய்க் கஞ்சி, சாயங்காலம் பால்பவுடர் கரைத்த பால், அதுவும் முறை வைத்து. தினம் ஒரு பெஞ்சுக்குத்தான் பால். நாற்பது பெண்கள் நீளக் கூடத்தில் வரிசையாகப் பாய் விரித்துப் படுப்போம். எனக்குப் பக்கத்துப் பாய்க்காரி படாளம் பக்கத்துப் பெண். அவளுடைய நைனா கரும்பு வெட்டுகிறவர். அவள் பெயரை எழுதப் பேனா வரமாட்டேன் என்கிறது. பக்கத்துப் பாய்க்காரி என்றே வைத்துக்கொள்வோம்.

அவள் கெட்டிக்காரி, வாயாடி. லீவு முடிந்து திரும்பிவந்தால் பஸ் கண்டக்டர் மாதிரியே கத்திக் காட்டுவாள். "படாளம் கூட்ரோடு எறங்கு எறங்கு, யம்மா ஆடு ஏத்தாத, ஆடு ஏத்தாதன்றேன்ல" என்று அவள் கத்தினால் சமையல்காரம்மா உட்பட எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொள்வோம். ஒரு கெட்ட பழக்கம் உண்டு என்று டீச்சர்கள் சொல்வார்கள். பாடம் படிக்க எழுப்பினால் நடு வரியில் நின்றுவிடுவாள். கண் ஜன்னல் பக்கம் போய்விடும். கால் நிமிஷம், அரை நிமிஷம் கழித்துத் திடுக்கென்று வேறு எங்கிருந்தோ படிக்க ஆரம்பிப்பாள். "பராக்குப் பாக்குறியா?" என்று கணக்கு டீச்சர் ஸ்கேலைத் திருப்பிப் பிடித்து முட்டியில் அடிப்பார். எத்தனை அடி வாங்கினாலும் அந்தப் பழக்கம் போகவில்லை.

அந்த வருஷம், ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலத்தின் தொடக்கத்தில் மூன்று நாள் பிரசங்கம் செய்ய ஒரு தியானச் சாமியார் வந்தார். உங்களில் பலருக்கு இது புதிதாக இருக்கும், சொல்லிவிடுகிறேன். எங்கள் சபையில் செபம் செய்யும்போது மனசு வேறு பக்கம் ஓடினால் அதற்குப் பெயரும் பராக்குதான். பாவசங்கீர்த்தனத்தில் எல்லாப் பிள்ளைகளும் தவறாமல் சொல்கிற பாவம் அது. "சாமி, செபத்துல பராக்கா இருந்தேன்." வேறு பாவம் செய்ய எங்களுக்கு வசதி இருந்ததில்லை.

அந்தச் சாமியார் பராக்கைப் பிடிக்க ஒரு வழி சொல்லிவிட்டுப் போனார். ஆஸ்டலில் புளி உடைத்து மிச்சமாகிற கொட்டைகளைக் கழுவிக் காயவைத்து ஒரு பால்பவுடர் டின்னில் போட்டுவைத்தார்கள். சாயங்காலம் ஆறு மணிக்குக் கோவிலில் கால் மணி நேரம் மௌன செபம். ஆளுக்குப் பத்துக் கொட்டையை எண்ணி வலது கையில் வைத்துக்கொள்ள வேண்டும். மனசு ஒரு தடவை ஓடினால் ஒரு கொட்டையை இடது கைக்கு மாற்ற வேண்டும். மணி அடித்ததும் இடது கையை விரித்துக் காட்டி, ஒவ்வொரு கொட்டையும் என்ன நினைப்பு என்று ஞாபகப்படுத்திச் சொல்ல வேண்டும். கண்டுபிடித்த நினைப்பு செத்துப்போகும், ஞாபகம் வராத நினைப்புத்தான் ஆபத்து என்றார் சாமியார். நம் பெண்ணும் ஏறக்குறைய இதைத்தானே சொல்கிறாள்?

முதல் வாரம் எல்லாரும் உண்மையைச் சொன்னோம். "இது நெத்திலிக் கொழம்பு மதர். இது எங்க ஆடு. இதுவும் நெத்திலிக் கொழம்பு." பிறகுதான் விவரம் வந்தது. பத்துக் கொட்டையும் மாறினால் திட்டு. ஒன்றும் மாறவில்லை என்றால், "அவ்ளோ பெரிய அர்ச்சியசிஷ்டவளா நீ?" என்று புனிதர் பட்டம் கட்டிக் கேலி. மூன்று என்பது மரியாதையான எண்ணிக்கை என்று முடிவுக்கு வந்தோம். மூன்றுக்கும் நல்ல பராக்காகச் சொல்லவும் கற்றுக்கொண்டோம். அம்மாவுக்கு உடம்பு சரியாக வேண்டும், தம்பி படிக்க வேண்டும், பரீட்சையில் பாஸாக வேண்டும். சமையல்கட்டுப் பக்கம் படுக்கிறவள் ஒருத்தி மட்டும் தன் பராக்குகளை அடுப்புச் சாம்பலில் வறுத்துத் தின்றுவிட்டாள். அவள் இடது கையில் கொட்டை குறைந்ததற்கு அவள் பக்தியில் முன்னேறிவிட்டாள் என்று மதர் நினைத்துக்கொண்டார்.

மதர் என்று நாங்கள் கூப்பிட்டது ஆஸ்டல் பொறுப்பில் இருந்த கன்னியாஸ்திரியை. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், பேச்சும் அந்தப் பக்கத்துப் பேச்சு. கெட்டவர் இல்லை. எங்கள் தலைகளில் பேன் பார்த்தவர், சிரங்குக்கு மருந்து தடவியவர். ஒரு பெண்ணாவது இந்த ஆஸ்டலிலிருந்து கன்னியாஸ்திரியாகச் சபைக்குப் போக வேண்டும் என்ற ஆசை அவருக்கு நிறைய இருந்தது. எங்கள் மாதிரிச் சேரிப் பிள்ளைகளுக்கு அந்த அழைத்தல் கடவுளிடமிருந்து வராது என்று மேலே யாரோ சொல்லியிருந்தார்களாம். இல்லை என்று காட்ட அவருக்கு ஒரு பிள்ளை வேண்டியிருந்தது.

அந்தப் பிள்ளை என் பக்கத்துப் பாய்க்காரி ஆகிப்போனாள்.

அவளுடைய இடது கை எப்போதும் காலியாக இருந்தது. வலது கையில் பத்தும் அப்படியே இருக்கும். மணி அடித்தால்கூட உடனே திரும்பமாட்டாள், மாதாவைப் பார்த்தபடியே இருப்பாள். மற்றவர்களைக் கேலி செய்த மதர் இவளைச் செய்யவில்லை. ஒரு வாரம் பார்த்தார். பிறகு எல்லார் முன்னாலும் அவள் கையைத் தூக்கிப் பிடித்து, "பாருங்க பிள்ளேளா, இதுதான் செபம்" என்றார். மதர் கண்ணில் தண்ணீர். மறுநாளிலிருந்து அவளுக்கு முன்வரிசையில் இடம், பக்கத்துப் பாய் என்பதால் துணைக்கு நானும். அவளுக்குத் தினமும் ஒரு டம்ளர் பால். பெரிய மடத்துக்கு மதர் கடிதம் எழுதிவிட்டார் என்று சமையல்காரம்மா சொன்னாள். பகலில் அதே பெண் அதே மாதிரி நின்றதற்கு முட்டியில் ஸ்கேல் அடி வாங்கிக்கொண்டிருந்தாள். பகலில் பராக்கு, சாயங்காலம் பரவசம். இரண்டும் ஒன்றுதான் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

எனக்குத் தோன்றியது. நான் கண்ணை மூடுவதில்லை என்பதுதான் காரணம்.

அந்தப் பால் டம்ளர்மேல் எனக்குப் பொறாமை. அதை மறைக்கவில்லை. அவள் எப்படிச் செய்கிறாள் என்று கண்டுபிடித்து நானும் செய்ய வேண்டும் என்று இமையைக் கொஞ்சம் திறந்துவைத்துக்கொண்டு அவளையே பார்த்தேன். அப்படிப் பார்த்தது இன்றைக்கும் மறக்கவில்லை. முதலில் அவள் எல்லாரையும்போல நெளிவாள், மூக்கைச் சொறிவாள். திடீரென்று நெளிவது நின்றுபோகும். இமை படபடவென்று அடிக்கும். கருவிழி மேலே ஏறும். வாய் ஒன்றுமில்லாததை மென்று விழுங்கும். இடது கை பாவாடை ஓரத்தைப் பிய்த்துக்கொண்டே இருக்கும். வலது கை தளர்ந்து, கொட்டைகள் ஒவ்வொன்றாக மடியில் உருளும். நான் மனசுக்குள் எண்ணினால் இருபது எண்ணுவதற்குள் முடிந்துவிடும். சில நாள் கால் மணிக்குள் இரண்டு மூன்று தடவைகூட வரும். நடுநடுவே அவள் தூங்கி எழுந்தவள்போல விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

உருண்ட கொட்டைகளைப் பொறுக்கி அவள் கையில் திரும்ப வைத்தது யார் என்கிறீர்கள்? நான்தான். கோவிலிலும் அவள் பக்கத்தில்தான் உட்காருவேன், பால் டம்ளர் வருவதற்கு முன்பிருந்தே இது நடந்தது. கீழே சிந்தினால் திட்டு விழும் என்று பயந்து, தெரியாமல் கையை நீட்டிப் பத்தையும் எடுத்து உள்ளங்கையில் வைத்து விரலை மூடிவிடுவேன். அந்த விரல்கள் பிடியில்லாமல் குளிர்ந்து இருக்கும். வேர்வையில் கொட்டைகள் பிசுபிசுக்கும், கையில் புளி வாசனை ஏறும். மதர் தூக்கிக் காட்டிய அந்த நிறைந்த கை என் வேலை.

ஒருநாள் துணி துவைக்கிற கல்லடியில் அவளே கேட்டாள்.

"உனக்குக் கண்ண மூடுனா இன்னாடி வரும்?"

"கொழம்பு வரும். எங்கம்மா வரும்."

"எனக்கு ஒண்ணுமே வர்லடி. கண்ண மூடுறேன், மாதாவ நெனைக்கிறேன், அப்பால மணி அடிக்குது. நடுவுல இன்னா போச்சுன்னே தெர்ல. மதரு இத்தான் செபம்ன்றாங்க." கொஞ்ச நேரம் துணியைக் கும்மிவிட்டு, "எனக்குப் பயமா கீது. நீ என்னியப் பாத்துக்கோ இன்னா?" என்றாள்.

"பாத்துக்கறேன்" என்றேன்.

அந்த வாரமே ஒருநாள் மணி அடித்தபோது என் இடது கையில் ஐந்து கொட்டை இருந்தது. மூன்று என்று பொய் சொல்லியிருக்கலாம். நினைப்பைக் கண்டுபிடித்துச் சொன்னால் அது செத்துப்போகும் என்று சாமியார் சொன்னதை நான் நம்பினேன். "மதர், அஞ்சும் இவளப் பத்தித்தான்" என்று ஆரம்பித்து, இமை அடித்தது, வாய் மென்றது, கொட்டை விழுந்தது, நான் பொறுக்கி வைத்தது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். "இவ செபம் பண்ல மதர். எங்கயோ போய்ட்டு வரா."

பக்கத்துப் பாய்க்காரி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். மதர் முகம் சிவந்தது. அவர் அடிக்கவில்லை, அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அடுத்தவ செபத்த வேவு பாக்கதுக்கா உன்ன முன்னாடி உக்கார வச்சேன்? ஒரு டம்ளர் பாலுக்காவ ஒரு பிள்ளையோட அழைத்தலக் கெடுக்கப் பாக்குதியே."

பால் என்று அவர் சொன்னதும் நான் செத்தேன். பால் ஆசை உண்மை அல்லவா? அது உண்மையாக இருந்ததால் மற்றதெல்லாம் பொய்யாகத்தான் இருக்கும் என்று அந்த நிமிஷமே நானும் நம்பிவிட்டேன். அவளுக்கு முன்னால் முழங்காலில் நின்று சொல்ல வேண்டும் என்று மதர் வாக்கியம் எடுத்துக் கொடுத்தார். சொன்னேன்.

"நான் ஒண்ணும் பாக்கல. நீ செபம் பண்ணிகினு இருந்த. நான்தான் பொறாமையில பொய் சொன்னேன்."

அவள் என்னைக் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். அன்றிலிருந்து அவளைப் பார்ப்பதில்லை என்று மாதாவிடம் நேர்ந்துகொண்டேன். கோவிலில் கண்ணை இறுக்கி மூடினேன். கொட்டைகள் உருளுகிற சத்தம் கேட்டாலும் திறக்கவில்லை. ஒன்றிரண்டு சிந்திக் கிடந்ததற்கு மதர் ஒன்றும் சொல்லவில்லை. அப்போதும் அவள் இடது கை காலியாகத்தான் இருந்தது.

பாஸ்கு திருநாள், அதாவது ஈஸ்டர், முடிந்த திங்கட்கிழமை எங்களை லாரியில் நிற்க வைத்து மகாபலிபுரம் கூட்டிப்போனார்கள். பரீட்சை இருந்ததால் திருநாளுக்கு வீட்டுக்கு அனுப்பவில்லை, அதற்கு ஆறுதலாக இது. திருக்கழுக்குன்றம் தாண்டியதும் உப்புக் காற்று முகத்தில் அடித்தது. நான் கடல் பார்த்தது அதுதான் முதல் தடவை. கடற்கரைக் கோவிலைத் தாண்டித் தெற்கே, வலை காய்கிற இடத்தில் புளிச்சோறும் ஆளுக்கு ஒரு அவித்த முட்டையும் கொடுத்தார்கள். தவக்காலத்து நாற்பது நாள் கழித்து முட்டை. மஞ்சள் கருவைக் கடைசியாகத் தின்பதற்கு எடுத்துவைத்தேன், மணல் ஒட்டிக்கொண்டது, மணலோடு தின்றேன்.

முழங்கால் தண்ணீருக்கு மேலே போகக் கூடாது என்று மதர் கட்டளை. இரண்டு இரண்டு பேராகக் கைகோத்துக்கொண்டு நின்றோம். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மாபலிவரம் கடலெல்லாம் எறங்கு, முட்ட துன்னவங்கலாம் முன்னாடி ஏறு" என்று கண்டக்டர் மாதிரி கத்தினாள். அலை வரும்போதெல்லாம் எல்லாரும் குதித்தோம்.

ஒரு அலைக்கு அவள் குதிக்கவில்லை. என் கைக்குள் அவள் விரல்கள் தளர்ந்தன. அந்தத் தளர்ச்சி எனக்கு எத்தனை நாள் பழக்கம். திரும்பிப் பார்த்தால் இமை அடித்துக்கொண்டிருக்கும் என்று தெரியும். பார்க்க மாட்டேன் என்று நேர்ந்துகொண்டவள் நான். கடலையே பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்த அலை வந்து போனபோது என் கை வெறுமனே இருந்தது.

கரையில் நெத்திலி காயவைத்துக்கொண்டிருந்த ஒரு மீன்காரம்மாதான் முதலில் ஓடிவந்தாள். புடவையோடு பாய்ந்து, ஜடையைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டாள். வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுத்த பிறகு அவளுக்குக் கை கால் வெட்டி இழுக்க ஆரம்பித்தது. அதுவரை அவளுக்கு அப்படி வந்து நான் பார்த்ததில்லை.

"சாவி குடு, சாவி குடு" என்று மதர் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தைப் பிடுங்கி அவள் கையில் திணித்தாள் மீன்காரம்மா. "வலிப்புமா இது. எம்மா நாளா கீது?"

"இல்லம்மா, இந்தப் பிள்ள அப்படி இல்ல" என்றார் மதர். "இது செபம் பண்ற பிள்ள."

மீன்காரம்மா மதரை ஏற இறங்கப் பார்த்தாள். "செபம் பண்ணா வலிப்பு வராதா?" என்று கேட்டுவிட்டு, தலையைத் தன் மடியில் திருப்பி வைத்து, வாயில் வழிந்த நுரையை முந்தானையால் துடைத்தாள்.

ஆஸ்டலுக்கு வந்ததும் அவள் பாயைத் தனியாகப் போட்டார்கள், தட்டும் தனி. ஒட்டிக்கொள்ளும் என்று பிள்ளைகள் சொன்னார்கள், பெரியவர்களும் மறுக்கவில்லை. புதன்கிழமை நாங்கள் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தபோது அவள் நைனா வந்து தகரப்பெட்டியோடு கூட்டிப்போய்விட்டார். சாயங்காலம் நான் வந்து பார்த்தபோது அவள் பாய் இருந்த இடத்தில் தரை மட்டும் வேறு நிறமாக இருந்தது.

கதையை வரிசையாகச் சொல்ல எனக்கு வராது. பின்னால் நடந்ததை முன்னால் சொல்லிவிடுகிறேன். நான் நர்ஸ் ஆனேன், உங்களுக்குத் தெரியும். பயிற்சியின் இரண்டாம் வருஷம் வகுப்பில் ஒரு டாக்டர், இமை படபடப்பதையும் வாய் மெல்லுவதையும் கொஞ்ச நேரம் நினைவே அற்றுப்போவதையும் சொல்லிக்கொண்டே வந்தார். அதுவும் வலிப்பில் ஒரு வகை, குழந்தைகளுக்கு வரும், பராக்கு என்று நினைத்து அடிப்பார்கள் என்றார். மாத்திரையில் அடக்கிவைக்கலாம். நோயாளிக்கே தெரியாது, அதனால் பக்கத்தில் இருந்து பார்த்தவர் சொல்வதுதான் டாக்டருக்குக் கண் என்றார். முதல் லீவிலேயே படாளம் போனேன். அவள் வீட்டைக் கேட்டபோது ஒரு அம்மா தெருமுனையிலேயே சொல்லிவிட்டாள். கடலுக்குப் போன அந்த வருஷமே ஐப்பசியில், தண்ணீர் சேந்தப் போனவள் கிணற்றுக்குள் போய்விட்டாள். நான் அவர்கள் வீட்டு வாசல்வரை போகவில்லை.

மதர் தவறு செய்தார், டீச்சர் தவறு செய்தார் என்று பல வருஷம் எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். இரும்பைக் கையில் கொடுத்த மீன்காரம்மாகூடத் தவறுதான், இரும்பால் வலிப்பு நிற்காது. ஆனால் பார்த்ததும் பெயர் சொன்னவள் அவள் ஒருத்தி. கண்ணை மூடினால் இவர்களில் ஒருத்தரும் எனக்கு வருவதில்லை. அந்த உள்ளங்கையோடு எனக்கு வருவது வேறு ஒரு நாள். அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீட்டினேன்.

அவளைக் கூட்டிப்போன பத்துப் பதினைந்து நாளில் அவள் நைனா மட்டும் திரும்ப வந்தார். எங்களுக்குப் பரீட்சை முடிந்து, பெட்டி கட்டிக்கொண்டிருந்தோம். மதர் என்னைப் பார்வையாளர் அறைக்குக் கூப்பிட்டார். அவள் நைனா நாற்காலியில் உட்காராமல் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றிருந்தார். கையெல்லாம் கரும்புத் தோகை கிழித்த கோடுகள்.

"செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்கு இட்டுகினு போனேன் மதர்" என்றார். "டாக்டரு கேக்குறாரு, எப்பலேர்ந்து கீது, வரும்போது கண்ணு எப்டிப் போவுது, எம்மா நேரம் நிக்குதுன்னு. எனக்கு இன்னா தெரியும்? புள்ள ஜூன்லேர்ந்து இங்கதான கீது. பாத்தவங்க யாருனா இருந்தா நல்லா கேட்டுகினு வாய்யா, அத்த வெச்சுதான் மாத்திர எய்தணும்ன்றாரு. ஒரு நாள் வேலைய உட்டுட்டு வந்துகீறேன்."

மதர் என் பக்கம் திரும்பினார். "இந்தப் பிள்ளதான் பக்கத்துல இருக்கும்" என்றார். "பாத்தத சொல்லு பிள்ள."

அவர் குரலில் கோபம் இல்லை. இப்போது நினைத்துப் பார்த்தால் கெஞ்சல்கூட இருந்திருக்கலாம். அப்போது எனக்கு அது சோதனையாகத்தான் பட்டது. திரும்பவும் பொய் சொல்கிறேனா, திரும்பவும் பாலுக்கு ஆசைப்படுகிறேனா என்று பார்க்கிறார் என்று நினைத்தேன். இமை, வாய், கை, கொட்டை, இருபது எண்ணுகிற நேரம் என எல்லாம் வரிசையாக என் நாக்கில் நின்றது. டாக்டர் கேட்ட அத்தனை கேள்விக்கும் பதில் இருந்த ஒரே ஆள் அந்த அறையில் நான்.

"நான் ஒண்ணும் பாக்கல" என்றேன். "அவ செபம் பண்ணிகினு இருந்தா."

மதர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். நான் முன்பு கோவிலில் சொன்னதெல்லாம் அவருக்கும் தெரியும் அல்லவா? அவரே சொல்லியிருக்கலாம். கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அவள் நைனாவின் முகத்தில் பாரம் இறங்கியது தெரிந்தது. "அப்ப இங்க இருந்தமுட்டும் நல்லாதான் இருந்துகீது" என்றார். "கடலாண்ட போனப்பதான் ஏதோ புடிச்சிகீது. நான் அப்பவே அவ அம்மா கிட்ட சொன்னேன், இது ஆஸ்பத்திரி சமாச்சாரம் இல்லன்னு. மந்திரிக்கற எடத்துக்கு இட்டுகினு போய்டறேன் மதர். டாக்டராண்ட போய் இன்னா ஆவப்போவுது."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கும்பிட்டார். வாசற்படி இறங்கியவர் எதையோ நினைத்துக்கொண்டு திரும்பி, என் தலையில் கைவைத்தார்.

"உன்னத்தான் கேக்கச் சொன்னா கண்ணு" என்றார். "எல்லாரும் கண்ண மூடிகினு இருப்பாங்க நைனா, அவ மட்டும் மூடமாட்டா, என்னியேதான் பாத்துகினு இருப்பா, அவளுக்குத் தெரியும், போய்க் கேளுன்னு ரெண்டு நாளா ஒரே அழுவ. சின்னப் புள்ள, ஏதோ சொல்லுது. நீ நல்லாப் படி."

நான் அப்போதும் வாயைத் திறக்கவில்லை. அவர் கேட்டைச் சாத்திவிட்டு, படாளம் பஸ்ஸுக்கு ரோட்டைக் கடந்து போய் நின்றார். பஸ் வர ரொம்ப நேரம் ஆயிற்று. ஓடிப்போய்ச் சொல்ல அத்தனை நேரம் இருந்தது.